கட்டிலில் படுத்துக் காட்டிய தம்பிக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அப்பா வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். ஆஸ்பத்திரியில் நடந்ததைத் திரும்ப எழுதத் தெம்பில்லை. நீங்கள் எல்லோரும் கூடவே இருந்தீர்கள், உங்களுக்கே தெரியும்.

முதலில் அப்பாவுக்கு உடற்பயிற்சி சிகிச்சை தரும் பிசியோ தம்பிக்கு.

அப்பாவுக்கு ஏ.எல்.எஸ்., தசைகளை அசைக்கும் நரம்புகள் மெல்ல அழிகிற நோய், என்று தெரிந்த நாளிலிருந்து எங்களுக்கு உடற்பயிற்சி மேல் ஒரு வெறி. ரிலுசோல் மாத்திரை சில மாதங்களைக் கூட்டித் தரலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சத்தை நாமே பார்த்துக்கொள்வோம் என்று அப்பா கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து நூறு தடவை அழுத்தச் சொன்னோம். சோர்ந்தால் "இன்னும் பத்து" என்போம். தேய்கிற தசையை அப்படி விரட்டக் கூடாது என்று எங்களைத் தடுத்தது நீங்கள்தான். அதற்கே நன்றி சொல்லவில்லை. இப்போது அப்பாவுக்குக் கை கால் அசைவில்லை, பேச்சும் இல்லை.

வீடு திரும்பிய மறுநாள் வந்தீர்கள். அம்மா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துத் திருப்புவதைப் பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவைச் சக்கர நாற்காலிக்கு மாற்றிவிட்டு, போனை மேசையில் வைத்துவிட்டு, அந்தக் கட்டிலில் நீங்களே போய்ப் படுத்தீர்கள். "நான்தான் அப்பா. திருப்புங்கம்மா."

அம்மா தயங்கினார். அப்புறம் வழக்கம்போல இழுத்தார். நீங்கள் உடம்பைத் தளர விட்டுக் கிடந்தபடி சொன்னீர்கள்: "தோள்ல வலிக்குதும்மா, இந்த இடத்துல." மறுபடி திருப்பினார். "விரிப்பு மடிஞ்சு இடுப்புல குத்துது." மறுபடி. "காது மடங்கிக் கிடக்கு."

இந்த நோய் அசைவைத் தரும் நரம்புகளைத்தான் தின்கிறது, வலியும் தொடு உணர்வும் போவதில்லை என்று டாக்டர்கள் எத்தனையோ தடவை சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அசையாத உடம்புக்கு வலிக்காது என்று எங்கள் கைகள் தாமாக முடிவு செய்துவிட்டிருந்தன. தாங்கிப் பிடிக்கும் தசை தேய்ந்து தளர்ந்துபோன தோள் அது. அதைப் பிடித்துத்தான் இத்தனை மாதம் இழுத்திருக்கிறோம்.

அப்பா நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணை மூடித் திறந்தால் 'ஆமாம்'. நீங்கள் வலிக்கிறது என்று சொன்ன ஒவ்வொரு இடத்துக்கும் மூடித் திறந்தார்.

முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தோள்பட்டைக்குப் பின்னாலும் ஒரு கையை இடுப்பிலும் கொடுத்து உருட்டக் கற்றுத் தந்தீர்கள். நாலாவது தடவை "இப்ப வலிக்கலம்மா" என்றீர்கள். அம்மா அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

அப்புறம் அப்பா எழுத்து அட்டையைப் பார்த்தார். வரிசை வரிசையாக விரல் வைத்தேன். 'டீ' என்று வந்தது. விழுங்க முடியாதவர் டீ கேட்கிறாரே என்று பதறிப்போனோம். அடுத்த சொல் 'தம்பிக்கு'.

மின்தடை வரும் என்று முதல் நாளே போனில் சொல்கிற மின்வாரிய நண்பர், அப்பா மூச்சுவிட உதவும் பைபேப் எந்திரத்துக்காக இன்வெர்ட்டரைக் கழற்றித் தந்த மாடி வீட்டு அக்கா, மாடிப்படியில் அப்பாவைத் தூக்கி வந்த பணிமனை மாமாக்கள், சாப்பாட்டுக் கேரியர் அனுப்பிய சித்தி, இரவு முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்த என் நண்பர்கள், எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். அதற்கு இன்னும் மனம் நிலைகொள்ளவில்லை.

தம்பி, நோயை நிறுத்த உங்களால் முடியாது என்று முதல் நாளே சொன்னீர்கள். பரவாயில்லை. நேற்று இரவு நாலு தடவை திருப்பிப் படுக்க வைத்தோம், அப்பா முகம் சுளிக்கவில்லை.

திருச்சி பக்கம் யார் வீட்டிலாவது இந்த நோய் என்று தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பேச்சு இருக்கும்போதே எங்கே வலிக்கிறது, எப்படிப் படுத்தால் சுகம் என்று கேட்டு எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை. பேச்சு போயிருந்தாலும் வருகிறேன். அவர்கள் கட்டிலில் நான் படுத்துக்கொள்கிறேன்.