ஆசிய விளையாட்டை ஆரம்பிச்சது ஒரு காலேஜ் பிரின்சிபால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆசிய விளையாட்டுப் போட்டி வரலாறு பத்தி உங்க ஸ்போர்ட்ஸ் பக்கத்துல வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, நேரு இருந்தாரு, 1951 டெல்லி இருந்துச்சு, மெடல் கணக்கு இருந்துச்சு, ஆனா இப்படி ஒரு போட்டி வேணும்னு யோசிச்சு நாலு நாட்டுக்காரங்கள கூப்பிட்டு உட்கார வச்ச ஜி.டி. சோந்தி பேரு ஒரு வரில கூட இல்ல. பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன், சும்மா விட மனசு வரல, அதான் எழுதுறேன்.

குரு தத் சோந்தி மகாராஜாவும் இல்ல, அரசியல்வாதியும் இல்ல. லாகூர் அரசு கல்லூரில படிச்சு, கேம்பிரிட்ஜ் போய்ட்டு வந்து, படிச்ச காலேஜுக்கே பிரின்சிபால் ஆனவரு. 1932ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி மெம்பர் ஆகி 1966ல சாகற வரைக்கும் அதுல இருந்தாரு. அதே 1932ல லாஸ் ஏஞ்சலஸ்ல தங்கம் ஜெயிச்ச நம்ம ஹாக்கி டீமுக்கு மேனேஜரும் இவர்தான். 1934லயே மேற்காசிய விளையாட்டுன்னு ஒண்ண டெல்லிலயும் பாட்டியாலாவுலயும் நடத்திட்டாரு, இந்தியா, ஆப்கானிஸ்தான், இலங்கை, பாலஸ்தீனம்னு நாலே பேருதான், அடுத்தது 1938ல நடக்க வேண்டியது, நடக்கல, அப்புறம் உலகப் போரே வந்துடுச்சு. வேற யாரா இருந்தாலும் அதோட மூட்டை கட்டிருப்பாங்க. இவரு 1948 லண்டன் ஒலிம்பிக்ஸுக்குப் போன இடத்துல, அங்க வந்திருந்த ஆசிய நாட்டு டீம்காரங்கள ஒண்ணா கூட்டி திரும்ப அதே பேச்ச எடுத்தாரு, 1949 பிப்ரவரில டெல்லில ஆசிய விளையாட்டு சம்மேளனம் உருவாச்சு, 1951 மார்ச்ல 11 நாடு வந்து நின்னுச்சு. அந்தப் போட்டிய ஓடியாடி நடத்தி முடிச்சது அந்தோணி டி மெல்லோ, அந்தப் பேர மறைக்கக் கூடாது, ஆனா விதை போட்டது சோந்திதான்.

இதெல்லாம் கூட பெருசு இல்ல சார். 1962 ஜகார்த்தாதான் எனக்கு அவர் மேல மரியாதை வர வச்சது. போட்டி நடத்துற இந்தோனேசியா, இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் விசா கொடுக்காம இழுத்தடிச்சு வர விடாம பண்ணிடுச்சு. சம்மேளன விதிப்படி மெம்பரா இருக்கற நாட்ட தடுக்க முடியாது. வேணாம்பா, ஊர் பொல்லாப்பு நமக்கு எதுக்குன்னு எல்லாரும் ஒதுங்கிப் போற நேரத்துல, சோந்தி எழுந்து, அப்படின்னா இதுக்கு ஆசிய விளையாட்டுன்னு பேரு வைக்கக் கூடாதுன்னு சொன்னாரு. தான் பெத்த புள்ளைய இது என் புள்ள இல்லன்னு சபையில சொல்ற மாதிரிதான அது? ஜகார்த்தாவுல கூட்டம் கூடி நம்ம இந்திய தூதரகத்த அடிச்சு நொறுக்கிட்டாங்க, அவரு நாட்ட விட்டே கிளம்ப வேண்டியதாப் போச்சு.

அந்தக் கோபம் முழுக்க நம்ம ஃபுட்பால் டீம் மேல இறங்குச்சு. செப்டம்பர் 4, ஃபைனல், ஸ்டேடியம் ஃபுல்லா கூச்சல், எதிர்ல தென்கொரியா, கோல் போஸ்ட்ல நம்ம பீட்டர் தங்கராஜ், காய்ச்சலோட நின்னாருன்னு சொல்லுவாங்க. பி.கே. பானர்ஜி ஒண்ணு, ஜர்னைல் சிங் ஒண்ணு, 2-1னு ஜெயிச்சோம். அன்னிக்கு ஸ்டாண்ட்ஸ்ல நமக்கு கை தட்டினது பாகிஸ்தான் ஹாக்கி டீம் பசங்கதானாம், லாகூர்காரர் ஆரம்பிச்ச போட்டில. கோச் ரஹீமும் ஸ்கூல் வாத்தியார் தான், அதையும் சொல்லிடறேன். அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் ஆசிய விளையாட்டு ஃபுட்பால்ல நமக்கு தங்கம் கிடையாது.

விதி பேசினவர் தோத்துட்டாருன்னு நினைக்க வேணாம். அடுத்த வருஷமே ஒலிம்பிக் கமிட்டி இந்தோனேசியாவ சஸ்பெண்ட் பண்ணுச்சு, அவங்க கோவிச்சுக்கிட்டு கனெஃபோன்னு தனியா ஒரு போட்டி நடத்தினாங்க, ரொம்ப நாள் தாங்கல.

நம்ம ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருந்தாரே, ஹாரி குரோ பக், அமெரிக்காலேர்ந்து வந்து 1920ல மெட்ராஸ்ல ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிய ஆரம்பிச்சவரு, 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய டீமோட போனவரு. எங்கள மாதிரி வாத்தியாருங்க ஆயிரக்கணக்குல அந்த நந்தனம் கேம்பஸ்லேர்ந்து வந்தவங்க. ஆனா இப்ப பாருங்க, பி.டி. பீரியட்ன்னாலே மேக்ஸ் டீச்சர் வந்து போர்ஷன் முடிக்கலன்னு கிளாஸ எடுத்துக்கறாங்க, பிரின்சிபாலும் தலையாட்டறாரு. சோந்தி மாதிரி பிரின்சிபால் இப்ப எத்தனை காலேஜ்ல இருப்பாங்கன்னு நீங்களே ஒரு நிருபர அனுப்பி விசாரிச்சுப் பாருங்களேன்.

அடுத்த ஆசிய விளையாட்டுக்கு ஸ்பெஷல் பக்கம் போடும்போது சோந்தி போட்டோ ஒண்ணு போடுங்க, கூட பக் போட்டோவும் போடுங்க. இடம் பத்தலன்னா மெடல் பட்டியல்ல கொஞ்சம் வெட்டிக்கோங்க, அது எல்லா பேப்பர்லயும் வரும்.

இப்படிக்கு,
ரிட்டயர்ட் பி.டி. வாத்தியார் ஒருத்தர்