வெட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம்: கடலோரப் பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, சாயல்குடி என்று இந்தக் கடற்கரை நெடுக பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கு வணக்கம், பாய்மாருக்கு சலாம்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். உச்சிப்புளிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். படகுக்கு சாஃப்ட் கடைவது, புஷ் போடுவதுதான் பிழைப்பு. ராடு துண்டுக்கும் பழைய சாஃப்டுக்கும் வாரம் ஒரு தடவையாவது உங்கள் குவியலில் ஏறி இறங்குகிறவன். பேரம் பேசி உங்கள் பொறுமையைச் சோதிக்கிறவனும் நான்தான். இந்தத் தடவை பேரம் இல்லை, ஒரு வேண்டுகோள்.

போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் ஒருவர் கடைதான். யார் என்று எழுதப் போவதில்லை, அவர் மேல் கோபமும் இல்லை. மழை விட்டிருந்த காலையில் ஒன்றரை இஞ்சு ராடு தேடிப் போனேன். குவியலுக்கு மேலே ஒரு சைக்கிள் ஃப்ரேம் கிடந்தது. லாரியில் அடுக்க வாகாக நடு பாரை கேஸ் வைத்து வெட்டி மடக்கியிருந்தார்கள். செயின் வீலைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல்வட்டத்துக்கு உள்ளே மூன்று நாரைத் தலைகள். இங்கிலாந்தின் ராலே கம்பெனி சைக்கிள். பின் ரிம் உப்பில் அப்பளமாகியிருந்தது. ஆனால் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, துணியால் துடைத்தால் ஏ டபிள்யூ என்று எழுத்து, பக்கத்தில் 54, அதற்கும் பக்கத்தில் 7. அதாவது 1954 ஜூலையில் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்தில் செய்த மூன்று கியர் ஹப். கீழக்கரையில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது வந்ததாம். அந்த வீட்டுப் பாட்டனார் கொழும்பில் கடை வைத்திருந்தவர், அங்கிருந்து கொண்டுவந்த சைக்கிள். ‘கிலோ 28 ரூபாய், 19 கிலோ நின்றது’ என்றார் கடைக்காரர். 532 ரூபாய்.

அவர் கணக்கில் தப்பே இல்லை. இரும்பு இரும்புதானே.

ஹப்பையும் செயின் வீலையும் நான் வாங்கி வந்தேன். ஹப்பை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு மூன்றாம் நாள் கழற்றினேன். உள்ளே துருச்சேறு இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகிப்போன ஆயில். அதை வழித்துத் துடைத்தால் பல்சக்கரம் எல்லாம் நேற்றுக் கடைந்த மாதிரி மின்னுகிறது. தொழில்காரன் கை சும்மா இருக்குமா, பல்லை எண்ணினேன். அச்சோடு ஒட்டிய நடுச் சக்கரத்தில் 20 பல். அதைச் சுற்றி ஓடும் குட்டிச் சக்கரம் நான்கு. எல்லாவற்றையும் வளைத்து நிற்கும் வளையத்தில் உள்பக்கமாக 60 பல். அறுபதும் இருபதும் எண்பது, எண்பதில் அறுபது முக்கால். கீழ் கியரில் செயின் ஓடுகிற பின் பல்வட்டம் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் முக்கால் சுற்று வரும், எதிர்காத்தில் மிதிக்க லேசு. நடு கியரில் ஒன்றுக்கு ஒன்று. மேல் கியரில் அதே கணக்கு தலைகீழாகி, மூன்று சுற்றுக்கு நாலு சுற்று. இத்தனையும் ஒரு காபி டம்ளருக்குள் அடங்குகிற இடத்தில். ஸ்டர்மி, ஆர்ச்சர் என்ற இருவர் பெயரால் அறியப்படுகிற அந்த மூன்று கியர் ஹப் 1902-ல் பிறந்தது. என் கையில் இருந்த இந்த மாதிரி 1936-ல் வந்தது. எழுபது வருஷத்துக்கு அப்புறம் என் பட்டறை மேஜையில் மயிரிழை ஸ்பிரிங் நாலில் மூன்று உயிரோடு இருந்தன. நாலாவதை ஒரு டார்ச் லைட் ஸ்பிரிங்கை இழுத்து நானே சுற்றிக்கொண்டேன்.

பூட்டி, ஆயில் மூடியைத் தூக்கி நாலு சொட்டு விட்டுச் சுற்றினால் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். நடு கியரிலும் மேல் கியரிலும்தான் அது வரும், கீழ் கியரில் சத்தமே இருக்காது. இருட்டில் வருகிற ஆள் எந்த கியரில் வருகிறார் என்று திண்ணையில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம்.

இந்தச் சைக்கிள்கள் மேல் ஏன் இவ்வளவு பைத்தியம் என்று கேட்பீர்கள். வெள்ளைக்காரன் செய்தது என்ற பெருமை எனக்குக் கிடையாது. கனமான வண்டிதான். கம்பி பிரேக் மழையில் பிடிக்காது, பிடித்த மாதிரி ஒரு முனகல்தான் வரும். பாம்பன் பாலத்தில் கச்சான் காத்தடிக்கும்போது ஏறிப் பார்த்தவருக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் இந்த வண்டியில் கழற்ற முடியாத இடம் என்று ஒன்று இல்லை. எந்தப் பாகமும் நாலு ஸ்பேனரில் பிரியும், திரும்பப் பூட்டினால் சேரும். பால்ஸ் தேய்ந்தால் பால்ஸ் மட்டும், கோன் தேய்ந்தால் கோன் மட்டும் மாற்றினால் போதும். ரிப்பேர் பார்க்கிறவனும் மனுஷன்தான் என்று நினைத்து ஒருவன் செய்திருக்கிறான். இன்றைக்கு என் பட்டறைக்கு வருகிற சாமான்களில் பாதி, திறக்கவே கூடாது என்று செய்தவை.

இன்னொரு விஷயம் உண்டு, அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். ராலேக்காரர்கள் பிடிவாதக்காரர்கள். பெடல் அச்சு ஓடுகிற கப்பில் ஊரெல்லாம் அங்குலத்துக்கு 24 மறை, அதாவது திருகுப் புரி, போட்டபோது, அவர்கள் 26 போட்டார்கள். ஆகையால் ராலேயின் கப்பு கெட்டால் இன்னொரு ராலேயில் இருந்துதான் எடுக்க வேண்டும். கடையில் தொங்குகிற கப்பு ஏறாது, பலவந்தமாக ஏற்றினால் ஃப்ரேமின் மறையையும் தின்றுவிடும். ஒன்றிரண்டு நான் லேத்தில் கடைந்தேன். வேலை நடக்கும், ஆனால் அந்த இரும்பின் கடினம் வரவில்லை. நாட்டிங்ஹாம் தொழிற்சாலையில் 2002-ல் சைக்கிள் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். இனிமேல் உங்கள் குவியல்தான் எங்களுக்கு உதிரிபாகக் கடை. நீங்கள் வெட்டியது ஒரு சைக்கிளை. மண்டபத்தில் ஒன்று, தங்கச்சிமடத்தில் ஒன்று என்று ஓடிக்கொண்டிருக்கிற மற்ற ராலேக்களுக்கும் சேர்த்துத்தான் அந்த கேஸ் பிடித்தது.

என்னை யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் அப்பாவின் சைக்கிளை எடைக்குப் போட்டவனே நான்தான். அது ஹெர்குலிஸ், பர்மிங்ஹாமில் செய்தது. அப்பா கருவாட்டு வியாபாரி. கேரியரில் மூட்டையைக் கட்டி, மேலே ஓலைப்பாய் போட்டு, விடிவதற்குள் ராமநாதபுரம் சந்தைக்குப் போய்விடுவார். பாம்பனுக்கு என்றால் மண்டபத்தில் தெரிந்த கடையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ரயிலேறுவார். அப்போது கடலைத் தாண்ட ரயில் பாலம் மட்டும்தானே. 1988-ல் சாலைப் பாலம் திறந்ததும் ஒரு நாள், சைக்கிளோடு பாம்பன் போய்க் காட்டுகிறேன் என்று கிளம்பினார். பாதிப் பாலம் காத்துக்குத் தள்ளிக்கொண்டுதான் போனாராம். ‘ஆனா தள்ளுனது என் சைக்கிள’ என்று வீட்டில் வந்து சொன்னார்.

1996-ல் எனக்கு மொபெட் வந்தது. வாசலில் இடம் அடைக்கிறது என்று சைக்கிளை ஏற்றிவிட்டேன். 140 ரூபாய் கொடுத்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து, பஞ்சாயத்து லைசென்ஸ் வில்லையை மட்டும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த வில்லை இப்போது என் கல்லாவில் கிடக்கிறது.

சரி, உங்கள் கையில் வருவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நிமிஷ வேலை. பெயிண்டைப் பார்க்காதீர்கள். எழுபது வருஷத்தில் எத்தனையோ தடவை பச்சையும் சிவப்பும் அடித்திருப்பார்கள். செயின் வீலைப் பாருங்கள். நாரைத் தலை இருந்தால் ராலே. சித்திரங்குடியிலும் மேலச்செல்வனூரிலும் கண்மாயில் வந்து நிற்கிறதே, அதே நாரைதான். பி.எஸ்.ஏ. தன் பெயரின் மூன்று எழுத்தையே வீலில் வெட்டியிருக்கும். துப்பாக்கி செய்த கம்பெனி என்பதால் முன்பக்க பேட்ஜில் மூன்று துப்பாக்கி சாத்தி வைத்திருக்கும். விரித்த கை இருந்தால் ரட்ஜ். முன் ஃபோர்க்கில் பக்கத்துக்கு இரண்டு குழல் இரட்டையாக ஓடினால் அது ஹம்பர். அதைப் பார்த்தால் எனக்கு ராத்திரி என்றாலும் ஆள் அனுப்புங்கள். தோல் சீட்டைத் தூக்கிக் கிடாசாதீர்கள். தோல் பிய்ந்திருந்தாலும் அடியில் இருக்கிற ஸ்பிரிங் கூட்டுக்கு உயிர் இருக்கும். பின் ஹப்பு வழக்கத்துக்கு மாறாகக் குண்டாக இருந்தால் துடைத்து எழுத்தைப் பாருங்கள். முன் ஹப்பு சட்டி மாதிரி பெரிதாக இருந்தால் அதற்குள் விளக்குக்குக் கரண்டு கொடுக்கிற டைனமோ இருக்கிறது.

நம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸை மட்டமாக நினைக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. அதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கைக்குத்தான் 1960-ல் ராலேயும் போனது. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய அம்பத்தூர் வண்டி வந்தாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவசரம் மட்டும் இல்லை.

நம் ஊர்க் காத்து இதற்கெல்லாம் எமன் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதுரையில் ஐம்பது வருஷம் நிற்கிற ரிம் இங்கே பத்து வருஷத்தில் கம்பித் துளையில் இருந்து உதிர ஆரம்பிக்கும். அப்புறம் மட்கார்டு ஓரம். அப்புறம் செயின் கவர். ஆனால் ஆயிலும் கிரீஸும் புகுந்த இடத்தில் உப்பு புகாது. வெளியே பார்த்தால் ஒன்றுக்கும் ஆகாது என்று தோன்றுகிற வண்டியின் வயிற்றுக்குள் எல்லாம் நன்றாக இருக்கும். நான் செய்வது பெரிய வித்தை இல்லை. மண்ணெண்ணெய்த் துணி, அப்புறம் தேங்காயெண்ணெய்த் துணி, பித்தளை பேட்ஜுக்குக் கொஞ்சம் புளி. வாடைக் காலத்தில் வாரம் ஒரு தடவை துடைப்பு. உப்புத்தாளைக் கிட்டேயே கொண்டுபோக மாட்டேன். கறுப்புப் பெயிண்டுக்கு மேல் கையால் இழுத்த தங்கக் கோடு மிச்சம் இருந்தால், அது ஒரு விரல் நீளம் என்றாலும் இருக்கட்டும். பளபளவென்று புதுப் பெயிண்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டி, இதைப் புதுப்பித்தேன் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பட்டணத்தில் ஹோட்டல் சுவரில் ஆணி அடித்து மாட்டுவதற்கு வாங்குகிறவர்களை அதைவிட ஆகாது.

விலைக்கு வருகிறேன். இப்படி ஒரு கடிதம் எழுதினால் நாளைக்கே நீங்கள் 532 ரூபாய் வண்டிக்கு 15,000 சொல்வீர்கள் என்று என் சைக்கிள் கூட்டாளி சண்டைக்கு வந்தார். சொல்லலாம். நாங்கள் மூன்று நாலு பேர், எல்லாரும் கைவேலைக்காரர்கள், அந்த விலைக்கு எங்களால் முடியாது. அப்படிச் சொன்னால் பட்டணத்துக்காரர் வந்து எடுத்துப்போவார், ஆணியில் மாட்டுவார். இருந்தாலும் வெட்டுப்படுவதற்கு அது தேவலை என்பதால்தான் எழுதுகிறேன். எடைக்கு என்ன வருகிறதோ அதற்கு மூன்று மடங்கு, ரொக்கமாக, அன்றைக்கே தருகிறோம். முழு வண்டியாக இருந்தால் உட்கார்ந்து பேசுவோம், டீ என் செலவு.

நான் கேட்பது ஒரு வாரம். பழைய இங்கிலீஷ் சைக்கிள் என்று சந்தேகம் வந்தால் லாரி லோடில் சேர்க்காமல், மழை படாத ஓரமாக ஒரு வாரம் சாத்தி வையுங்கள். உங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரரிடம் ஒரு சொல் சொன்னால் போதும், எனக்கு வந்துவிடும். வீட்டைப் பிரிக்கிற இடத்துக்கு எடை பார்க்கப் போகிற பையன்களிடமும் சொல்லி வையுங்கள். மச்சு, மாட்டுக் கொட்டகை, கிணற்றடி ஷெட், இந்த மூன்று இடத்தில்தான் இவை ஒளிந்திருக்கும். வீட்டுக்காரரிடம் அது யார் ஓட்டிய சைக்கிள் என்று ஒரு வார்த்தை கேட்டுவரச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் நான் ஒரு அட்டையில் எழுதி சீட்டுக்கு அடியில் கட்டி வைப்பேன்.

கடைசியாக ஒன்று. பெடல் கட்டையைக் கழற்றுகிறேன் என்று கோட்டர் பின்னை, அதாவது கட்டையை அச்சோடு இறுக்குகிற ஆப்பை, சம்மட்டியால் போடாதீர்கள். பின் நசுங்கி உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், அச்சும் வளையும். அதைத் தள்ளி எடுக்க ஒரு சின்ன பிரஸ் செய்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராடு எடுக்க வரும்போது பையில் போட்டுக்கொண்டு வருகிறேன். அதுவரை அப்படியே கிடக்கட்டும்.

இப்படிக்கு,
உச்சிப்புளி லேத்துக்காரன்