துவரை விதைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்

மத்திய வர்த்தக அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கிலிருந்து நாம் துவரை வாங்கும் விதத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

2015 கடைசியில் இங்கே துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. அடுத்த ஜூலையில் பிரதமர் மொசாம்பிக் தலைநகர் மபூட்டோ போனபோது துவரை வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் ஆண்டு 1 லட்சம் டன், பிறகு படிப்படியாகக் கூட்டி 2020-21இல் 2 லட்சம் டன். அங்குள்ள சம்பேசியா, நம்புலா மாகாணங்களின் சிறு விவசாயிகளுக்கு அது பெரிய வாக்கு. அவர்கள் துவரையில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குத்தான், அதிலும் பெரும்பாலும் நமக்குத்தான்.

அப்புறம் என்ன ஆனது? 2016-17இல் நம் விளைச்சலே 48 லட்சம் டன்னைத் தாண்டியது. கர்நாடகத்தின் கலபுரகி விவசாயிக்கே ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் கிடைக்காத நிலை. இறக்குமதிக்கு வரம்பு வைத்தீர்கள். நம் விவசாயியைக் காப்பாற்ற வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அறிவிப்பு வந்தது 2017 ஆகஸ்ட் 5 அன்று. மொசாம்பிக்கில் மழை தொடங்கும் நவம்பர், டிசம்பர் வாக்கில் விதைத்துவிட்டு, ஆகஸ்டில் அறுவடையில் நிற்பார்கள். செலவெல்லாம் செய்து முடித்தவனிடம் போய் "வரம்பு" என்றால் அவன் என்ன செய்வான்? அரசு ஒப்பந்தச் சரக்குக்கு விலக்கு உண்டு என்று எழுதியிருந்தீர்கள், சரி. ஆனாலும் அங்கே துவரை அடிமாட்டு விலைக்குத்தான் போனது.

2021 மே மாதம் வரம்பை நீக்கி மறுபடி கதவைத் திறந்தீர்கள். முதலில் அக்டோபர் வரை என்றீர்கள், பிறகு நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு. மொசாம்பிக்குக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன், மலாவிக்கு 50 ஆயிரம் டன் என்று ஐந்தாண்டு ஒப்பந்தமும் வந்தது. (2023இல் மொசாம்பிக்கின் நகாலா துறைமுகத்தில் சரக்கு தேங்கியது அங்குள்ள வியாபாரிகளின் தகராறால். அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன்.)

இனி போடும் ஒப்பந்தங்களில் இதைச் சேருங்கள்: அடுத்த அறுவடையில் எவ்வளவு வாங்குவோம், என்ன வரி என்பதை அக்டோபருக்குள் அறிவிக்க வேண்டும். மபூட்டோவில் உள்ள நம் தூதரகம் அதைப் போர்த்துகீசியத்திலும் வெளியிட வேண்டும். அந்த விளைச்சல் கப்பல் ஏறும்வரை விதியை மாற்றக்கூடாது. இங்கே விளைச்சல் கூடிப்போனால், அரசுக்காகக் கொள்முதல் செய்யும் கூட்டுறவு அமைப்பான நாஃபெட் வாங்கி இருப்பு வைக்கட்டும். அந்த இருப்புத் திட்டம் 2015 முதலே நம்மிடம் இருக்கிறதே.

இப்படிக்கு,
துவரம்பருப்பு வாங்கும் ஒரு குடிமகன்