விமானம் ஓட்டப் போகிற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

"பைலட் ஆகப் போறவனுக்கு எதுக்குண்ணே டிகிரி?" என்று போனில் கேட்டாய், அன்றைக்கு அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். நீ கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. லைசென்ஸுக்குப் பட்டம் தேவையில்லை, நான்கு வருடப் பட்டம் கட்டாயம் என்று வைத்திருந்த அமெரிக்க விமான நிறுவனம் டெல்டாகூட 2022 ஜனவரியில் அதைத் தளர்த்திவிட்டது.

ஆனாலும் படி என்றுதான் சொல்வேன். எனக்கு 38 வயதில் பைலட்டுகளுக்கான வழக்கமான மெடிக்கல் பரிசோதனை, சிறுநீரில் லேசாக ரத்தம் என்று ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார், மிளகளவு ஒரு கல். வலியே இல்லை. ஆனால் அது நடுவானில் நகர்ந்தால் காக்பிட்டில் ஒரு ஆள் சுருண்டுவிடுவார் இல்லையா, அதனால் கல் போகிறவரை பறக்கக் கூடாது. வேறு எந்த வேலையில் இருப்பவரும் மறுநாள் ஆபீஸுக்குப் போயிருப்பார், நான் நான்கு மாதம் வீட்டில். பொழுது போகாமல் ஒரு வேலைக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன், கல்வித் தகுதி என்ற கட்டத்தில் எழுத பள்ளிப் படிப்பைத் தவிர ஒன்றுமில்லை. ஏர்பஸ் 320 ஓட்டத் தகுதி தரும் ரேட்டிங்கையும் 6,000 மணி நேரம் பறந்ததையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது, சொல்லு?

ஏவியேஷன் மேனேஜ்மென்ட் படிக்கிறேன் என்கிறாயே, அது மட்டும் வேண்டாம். 2019இல் உலகம் முழுக்க விமானப் பயணிகள் சுமார் 450 கோடி, கொரோனா வந்த 2020இல் 180 கோடி. துறை படுத்தால் அந்தப் பட்டமும் கூடவே படுத்துவிடும். கணக்கோ, கணினியோ, சட்டமோ, விமானத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்றாக இருக்கட்டும். அதையும் பதினைந்து வருடம் தொடாமல் வைத்திருந்தால் ஏட்டுச் சுரைக்காய்தான். என்னோடு பறந்த ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி, ஓய்வு நாட்களில் இரண்டு கடைகளுக்குக் கணக்கு பார்ப்பார், நாங்கள் கிண்டல் செய்வோம். 2020இல் எங்களில் சம்பாதித்துக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான்.

அதற்காக முதலில் கல்லூரியை முடித்துவிட்டு அப்புறம் பறக்கிறேன் என்று தள்ளிப் போடாதே. பல நிறுவனங்களில் எல்லாமே சீனியாரிட்டி, சேர்ந்த தேதிதான் கேப்டன் ஆவதையும் லீவையும் ரோஸ்டர் என்கிற பணி அட்டவணையையும் முடிவு செய்யும், ஆட்குறைப்பு வந்தால் கடைசியாகச் சேர்ந்தவன்தான் முதலில் வெளியே. மேலே 65 வயதில் கதவு மூடிவிடும், நீ மூன்று வருடம் தாமதித்தால் போவது கடைசி மூன்று வருடக் கேப்டன் சம்பளம். தொலைநிலைக் கல்வியில் சேர். லேஓவரில், அதாவது அடுத்த விமானம் வரை வெளியூரில் தங்கும்போது, தூக்கம் வராமல் கிடக்கும் இரவுகள் நிறைய வரும், படிக்கலாம்.

சரி, இதற்கெல்லாம் முன்னால், பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கும் முன்னால், வேலையாகப் பறக்கும் பைலட்டுகளுக்கான கிளாஸ் ஒன் மெடிக்கலை எடுத்துவிடு. நிறக்குருடு மாதிரி ஏதாவது இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ரிப்போர்ட் வந்ததும் கூப்பிடு.

அன்புடன்,
அண்ணன்