அமுக்கரா கம்மிகள்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருச்சியில் மருந்துக்கடை நடத்துகிறேன். கொஞ்ச காலமாக இருமல் மருந்துக்குப் பக்கத்திலேயே அஸ்வகந்தா, அதாவது நம்ம அமுக்கரா, கலந்த கம்மி (மெல்லும் மிட்டாய்) டப்பாக்களும் இடம் பிடித்துவிட்டன. கரடி வடிவம், ஸ்ட்ராபெரி வாசனை, 'மன அழுத்தம் குறையும்' என்று கொட்டை எழுத்து. நைட் ஷிஃப்ட் பார்க்கும் பிள்ளைகளும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும்தான் அதிகம் வாங்குகிறார்கள். "அண்ணே, இது நிஜமாவே கேக்குமா?" என்றால், டப்பாவைப் பார்த்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அமுக்கராவைக் குறை சொல்ல வரவில்லை. கிழங்கைப் பொடித்துப் பாலில் கலந்து குடிப்பது நமக்குப் பழக்கமானதுதான். ஆய்வும் இருக்கிறது. 2012இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 64 பேர் கலந்துகொண்டார்கள். வேர்ச்சாறு 300 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 60 நாள். சாறு எடுத்தவர்களுக்கு மன அழுத்தமும், கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் மருந்தில்லாத கேப்சூல் எடுத்தவர்களைவிட நன்றாகக் குறைந்தன. நல்ல சேதிதான். ஆனால் அவர்கள் சாப்பிட்டது கேப்சூல், கம்மி அல்ல. பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் சின்னவை, இரண்டு மூன்று மாதத்தில் முடிந்தவை.

சரி, டப்பாவைத் திருப்பிப் பார்த்தால்? 'அஸ்வகந்தா 100 மி.கி.' என்று ஒரு வரி. அது வெறும் பொடியா, செறிவான சாறா? வேரா, இலையா? அமுக்கராவின் முக்கியச் சத்தான விதனோலைடு எத்தனை சதவீதம்? ஒன்றும் இல்லை. இலை வேண்டாம், வேரையே பயன்படுத்துங்கள் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021இலேயே உற்பத்தியாளர்களுக்குச் சொல்லிவிட்டது. நூறு மில்லிகிராம் பொடியை மிட்டாயில் கலந்துவிட்டு, தினம் 600 மில்லிகிராம் சாறு கொடுத்துக் கிடைத்த பலனைச் சொந்தம் கொண்டாடுவது எந்த ஊர் நியாயம்?

எழுதிய அளவாவது உள்ளே இருக்குமா என்பதும் சந்தேகம்தான். அமெரிக்காவில் தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோன் கலந்த 25 கம்மிகளைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். 22இல் லேபிள் சொன்னதும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை! கம்மி வியாபாரத்தின் லட்சணம் அப்படி.

போன மாதம் ஒரு அக்கா தைராய்டு குறைவுக்குத் தரும் தைராக்ஸின் மாத்திரைச் சீட்டையும் கம்மி டப்பாவையும் சேர்த்து நீட்டினார். அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டிவிடக்கூடும், அபூர்வமாகக் கல்லீரல் பாதித்ததாகவும் மருத்துவப் பதிவுகள் உண்டு, கர்ப்பிணிகளுக்கு ஆகாது. டென்மார்க் 2023இல் தடையே போட்டது. அந்த டப்பாவில் எச்சரிக்கை எறும்பு எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில். மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்று அச்சிட வேண்டும் என்பது உங்கள் 2016 விதி. முன்பக்கம் மன அழுத்தம் போகும் என்கிறார்கள், பின்பக்கம் மருந்தல்ல என்கிறார்கள்.

தடை கேட்கவில்லை. வேரா இலையா, பொடியா சாறா, விதனோலைடு எவ்வளவு என்பதை முன்பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். அந்த அளவில் ஆய்வு இல்லையென்றால் 'மன அழுத்தம்' என்ற பேச்சே டப்பாவில் வரக்கூடாது. ஒவ்வொரு பேட்சின் சோதனை முடிவையும் நாங்கள் பார்க்க வழி வேண்டும். தைராய்டு, கர்ப்பம், கல்லீரல் எச்சரிக்கை தமிழிலும் வேண்டும், கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில். அப்புறம், கரடி பொம்மை வடிவத்தையாவது நிறுத்துங்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
திருச்சி மருந்துக்கடைக்காரர் ஒருவர்