கூலிகள் அல்லர், சாப்பர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெட்ராஸ் சாப்பர்கள் எனப்படும் ராணுவப் பொறியியல் படைவீரர்களின் அருங்காட்சியகம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை, அல்சூரில் வளர்ந்த ஒரு சாப்பரின் மகன் என்ற முறையில் இருமுறை படித்தேன். 1912-இல் கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கிய பெங்களூர் டார்பிடோ என்ற, வேலி தகர்க்கும் வெடிக்குழாயைப் பற்றிச் சொல்லும்போது, அவருக்கு ‘உள்ளூர்க் கூலிகள் சிலர்’ உதவினார்கள் என்று ஒரு வரி வருகிறது. வெடிமருந்து அடைத்த குழாய்களை ஒன்றோடொன்று பூட்டி முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளும் வேலைக்குச் சந்தையில் ஆள் பிடிப்பார்கள் என்று கட்டுரையாளர் நம்புகிறார் போலும். 1780-இல் மெட்ராஸ் பயனியர் என்ற பெயரில் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கிய படை அது என்பதும், அதன் வீரர்களுக்குத் ‘தம்பி’ என்றே பெயர் என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல.

கூலி வேலை இழிவென்று நான் சொல்லவில்லை; என் பாட்டனாரே கோலார் தங்கவயலில் கூலிக்குச் சென்றவர். ஆனால் என் தகப்பனார் இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் துப்பாக்கிமுனைக் கத்தியால் மண்ணைக் குத்திக் குத்திக் கண்ணிவெடி தேடியவர். ஓய்வுபெற்ற பிறகும், வாழைக்கன்று நடக் குழி தோண்டுவதென்றால்கூட, முதலில் ஒரு கம்பியால் நிலத்தை மெல்லக் குத்திப் பார்த்த பிறகே கடப்பாறையைத் தொடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே நாளிதழ் மெட்ராஸ் சாப்பரான சுபேதார் சுப்பிரமணியனுக்கு விக்டோரியா கிராஸ் பதக்கம் கிடைத்ததாக எழுதியது. 1944 ஜூன் 24 அன்று, உடனிருந்தவர்களைக் காக்கக் கண்ணிவெடியின் மேல் பாய்ந்து உயிர்விட்ட அவருக்குக் கிடைத்தது ஜார்ஜ் கிராஸ். அதைப் பெற்ற முதல் இந்தியரும் அவரே. அப்போதும் எழுதினேன். இடமில்லை என்றார்கள், அந்த வாரம் ராசிபலன் முழுப் பக்கத்துக்கு வந்திருந்தது.

அருங்காட்சியகம் ராணுவ வளாகத்துக்குள் இருப்பதால், நம்மவர் பலருக்கு அதைத் தங்கள் கட்டுரை வழியாகப் பார்ப்பதுதான் உண்டு. அவர்கள் மனத்தில் ‘கூலிகள்’ என்ற சொல்தானே தங்கும்?

தகப்பனாரின் இத்தாலி ஸ்டார் பதக்கத்தைக் கண்காட்சிக்கென்று வாங்கிப்போன ஓர் அமைப்பு (பெயர் வேண்டாம்) பதினோரு ஆண்டுகளாகத் திருப்பித் தரவில்லை. எஞ்சியிருந்த ஒரே சீருடைப் படத்தையாவது அந்த அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க நினைத்திருந்தேன். அதையும் தங்கள் நிருபர், ஸ்கேன் எடுத்துவிட்டு மறுநாளே தருவதாகச் சொல்லி வாங்கிச் சென்றார். படம் கட்டுரையிலும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை.

எனவே, ‘கூலிகள்’ என்பதைச் ‘சாப்பர்கள்’ என்று திருத்தி, ராசிபலனுக்குக் கீழேயாவது இரண்டு வரி வெளியிடவும், படத்தை மடங்காமல் திருப்பித் தரவும் வேண்டுகிறேன். தங்கள் அலுவலகத்துக்கு நானே வந்து வாங்கிக்கொள்ளவும் தயார்.

தங்கள் நாற்பதாண்டு வாசகர்,
அல்சூர், பெங்களூர்