மாப்பிள்ளைக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம்

கும்பகோணம்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உங்கம்மாவும் நலம்.

நேற்று வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய இரண்டையும் பார்த்தேன். சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடியை மறக்க வைக்கும் பொடி ஒன்று. ராத்திரி வேன் அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் மையம் ஒன்று. “இதுல எதுப்பா நல்லது?” என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியிலேயே நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், அப்புறம் எனக்கும் பேச்சு வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இரண்டும் வேண்டாம். இரண்டுமே மாப்பிள்ளைக்குத் தெரியாமல் நடக்கிற காரியம். அதுவும், போன மாதம் அவரே எனக்கு போன் போட்டு, “விடணும்னு நெனைக்கிறேன் மாமா, முடியல” என்று சொன்ன பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் எதற்கு?

பொடியை முதலில் முடித்துவிடுகிறேன். நான் மெடிக்கல் ஷாப்பில் உட்கார்ந்திருந்த காலத்தில் இதைக் கேட்டுப் பெண்கள் வராத மாதமே கிடையாது. டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. ரப்பர் பதப்படுத்துகிற ரசாயனம் அது. ரப்பர் ஆலைத் தொழிலாளிகளுக்கு அதன் பக்கத்தில் வேலை செய்துவிட்டுக் குடித்தால் ஒத்துக்கொள்வதில்லை என்பதை 1930-களிலேயே கவனித்திருக்கிறார்கள். 1948-ல் டென்மார்க்கில் அதைக் குடிக்கு மருந்தாகக் கொண்டுவந்தார்கள். சரக்கு உடம்புக்குள் போனதும் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும், அதை ஈரல் அடுத்த படியில் சாதுவாக்கிவிடும். அந்த இரண்டாவது படியை இந்த மாத்திரை அடைத்துவிடுகிறது. அப்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், பிரஷர் இறங்கும். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும்கூட இது நடக்கலாம். உள்ளே மாத்திரை இருக்கிறது என்று தெரிந்தவர் கிளாஸைத் தொட யோசிப்பார், அந்த யோசனைக்காகத்தான் மாத்திரை. தெரியாதவர் வழக்கம்போலப் போய்க் குடிப்பார், பாரில் சுருண்டு விழுவார்.

நீ அனுப்பிய டப்பாவில் ‘மூலிகை’ என்று மட்டும் இருக்கிறது. என்ன மூலிகை, எத்தனை கிராம் என்று ஒரு வரி இல்லை. இந்த மாத்திரையையே அரைத்துப் போட்டிருந்தாலும் நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்? ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்து, மாப்பிள்ளையும் சரி என்று சொல்லி, தினம் காலையில் உன் கையால் வாங்கிப் போட்டுக்கொண்டால் இதே மாத்திரை நல்ல வைத்தியம்தான்.

அடுத்தது வேன். போன வருஷம் என் சிநேகிதர் ஒருவருடைய பையனுக்காக அப்படி ஓர் இடத்தைப் பார்க்கப் போயிருந்தோம். ஊர் வேண்டாம், பெயரும் வேண்டாம். இரும்பு கேட், வெளியே பூட்டு. டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டால் “கூப்பிட்டா வருவார் சார்” என்றார்கள். மூன்று மாதப் பணத்தை முன்னாடியே கட்ட வேண்டுமாம், முதல் மாதம் வீட்டிலிருந்து யாரும் பார்க்கவும் கூடாதாம், போனிலும் பேசக் கூடாதாம். சிநேகிதர் “அடிப்பீங்களா?” என்றே கேட்டுவிட்டார். அவர்கள் இல்லை என்று சொல்லவில்லை, சிரித்தார்கள். திரும்பி வந்துவிட்டோம்.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடியால், போதையால் வருகிற மனநோயும் அடங்கும். அந்தச் சட்டப்படி, இப்படி ஆளை உள்ளே வைத்து வைத்தியம் பார்க்கிற இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலியால் கட்டக் கூடாது. வீட்டாரோடு பேசுகிற உரிமை நோயாளிக்கு உண்டு. சம்மதம் இல்லாமல் சேர்ப்பதென்றால், ஒரு மனநல டாக்டரும் இன்னொரு டாக்டரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பார்த்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகிற அளவுக்கு, அல்லது தன்னையே கவனித்துக்கொள்ள முடியாத அளவுக்கு நோய் முற்றியிருக்கிறது என்று எழுத வேண்டும். அதுவும் முதலில் 30 நாளுக்குத்தான். பெண்டாட்டி ஒரு கையெழுத்துப் போட்டால் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிவிடலாம் என்பதெல்லாம் வேன்காரர்கள் சொல்கிற சட்டம்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை வேறு. காலையில் எழுந்ததும் அவருக்குக் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நிற்கிறது என்று சொன்னாய். அப்படியென்றால் உடம்பே சரக்குக்குப் பழகிவிட்டது. இந்த நிலைமையில் வீட்டில் அடைத்துவைத்து ஒரேயடியாக நிறுத்துவது நல்லதல்ல. நிறுத்தின சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். கவனிக்காமல் விட்டால் சாவு வரைக்கும் போகும். கார்த்திகையில் மாலை போட்டு அன்றைக்கே குடியை நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் வலிப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். விரதத்தைக் குறை சொல்லவில்லை, மாலை போடுவதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்திருக்கலாம். இதைச் சொன்னால் உங்கம்மாவுக்குக் கோபம் வருகிறது. குலதெய்வத்துக்கு முடிந்துவைத்திருக்கிறாள், அது பாட்டுக்கு இருக்கட்டும்.

டாக்டர் பார்வையில் நிறுத்தினால் இதையெல்லாம் தாங்கிக்கொள்ள வைக்க மருந்து இருக்கிறது. குளோர்டயசெபாக்சைடு, லோராசெபாம் போன்ற மாத்திரைகளை அளவாகத் தொடங்கி நாளுக்கு நாள் குறைப்பார்கள். கூடவே தயமின், அதாவது பி1 ஊசி போடுவார்கள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ‘குளுக்கோஸ் ஏத்தினா தெளிஞ்சிடும்’ என்பார்கள். பல வருஷக் குடிகாரருக்கு பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். சொல்லிக் கேட்க நீ பக்கத்தில் இரு. இந்தப் பகுதி பொதுவாக ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். பல இடங்களில் இதோடு அனுப்பிவிடுகிறார்கள், நாமும் ‘குணமாயிடுச்சு’ என்று கூட்டிவருகிறோம். உடம்பு தெளிந்ததும் தொடங்குகிற கவுன்சலிங்தான் பாக்கி முக்கால்வாசி வேலை.

எங்கே போவது? முதலில் உங்கள் ஊர் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு ஓபி. காசு இல்லை, அங்கேயே ஈரல் டெஸ்டும் எடுத்துவிடலாம். அட்மிஷன் வேண்டுமா, மாத்திரையோடு வீட்டிலிருந்தே பார்க்கலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். அதற்கு முன்னால் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். போதைக்கென்றே 14446 இருக்கிறது.

தனியார் என்றால் சென்னை இந்திரா நகரில் டிடிகே ஆஸ்பத்திரி. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய அமைப்பு, அவருக்கு 1992-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குடிக்கிறவரோடு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசுவது அங்கே சிகிச்சையிலேயே சேர்ந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியிலும் இதற்கென்று தனிப் பிரிவு உண்டு.

நீயாக வேறு இடம் பார்த்தால் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல். ராத்திரி இரண்டு மணிக்கு ஃபிட்ஸ் வந்தால் யார் இருப்பார்கள் என்று கேள். வெளியே வந்த பிறகு எத்தனை மாதம் கூப்பிட்டுப் பார்ப்பீர்கள் என்றும் கேள். அவர்கள் உன்னிடம் “அவருக்கு வர சம்மதமா?” என்று கேட்கிறார்களா என்பதையும் கவனி. கேட்காமல் பணத்தைப் பற்றியே பேசினால் போனை வைத்துவிடு. ‘நூறு சதவீத கேரண்டி’ என்றாலும் அப்படித்தான்.

ஆபீஸ் இன்சூரன்ஸை நம்பிக்கொண்டிருக்காதே. மனநோய்க்கும் மற்ற நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் குடி, போதைக்கான சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்கிற வரி பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும். படித்துப் பார். பணம் தேவைப்பட்டால் என்னிடம் இருக்கிறது, அந்தச் சங்கிலியை அடகு வைக்காதே.

சம்பந்தியம்மா “இவ வந்த நேரம்தான் அவன் குடிக்கிறான்” என்றார்களாமே. அவர்கள் வயசுக்கு மரியாதை கொடுத்துப் பேசாமல் இருந்தாய், நல்லது. மனசில் மட்டும் ஏற்றிக்கொள்ளாதே. 2019-ல் எய்ம்ஸ் டாக்டர்கள் மத்திய அரசுக்காக எடுத்த கணக்கில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு வைத்தியம் பார்த்திருக்கிறார். மற்ற 37 வீட்டிலும் யாரையாவது இப்படிக் குறை சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். உனக்கும் பேச ஆள் வேண்டும். ஏஏ என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் அவருக்கு, அல்-அனான் உன்னைப் போன்ற வீட்டாருக்கு. இரண்டிலும் கட்டணம் கிடையாது, முழுப் பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அவர் கை நீட்டினால் வைத்தியம் முடியட்டும் என்று காத்திருக்காதே. சின்னவனைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வா. உடனே உதவி வேண்டுமென்றால் பெண்களுக்கான உதவி எண் 181.

சிகிச்சை முடிந்து வந்தவர் மறுபடியும் ஒரு நாள் குடித்துவிட்டு வரலாம். இந்த நோயில் அது சகஜம். சர்க்கரை ஏறினால் டாக்டரிடம் போய் மாத்திரையை மாற்றிக்கொள்கிற மாதிரி அன்றைக்கும் டாக்டரிடம்தான் போக வேண்டும். குடிக்கிற ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று மருந்துகள் இருக்கின்றன. ஈரலையும் கிட்னியையும் பார்த்து எது பொருந்தும் என்று டாக்டர் முடிவு செய்வார். என்னைக் கேட்டு வாங்கிப் போடாதே, நான் மருந்து விற்றவன்தான்.

வியாழக்கிழமை ஜனசதாப்தியில் வருகிறேன், ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை காலையில், அவர் தெளிவாக இருக்கிற நேரத்தில், மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். சரி என்றால் அன்றைக்கே ஓபிக்குப் போவோம். முடியாது என்றால் நீயும் நானும் போய் டாக்டரைப் பார்த்து, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு வருவோம். அதையும் அவரிடம் சொல்லிவிட்டே போவோம். நான் வருவதையும் எதற்காக வருகிறேன் என்பதையும் மாப்பிள்ளையிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா